யாருடைய உருவம்? யாருடைய எழுத்து?

ஆண்டவர் இயேசுவைப் பேச்சில் சிக்கவைக்க வந்தவர்கள், சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்று வினவினர். அவர் உடனே விடை கூறவில்லை. ஒரு தெனாரியத்தைக் கொண்டுவரச் செய்து, அதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று கேட்டார். உரோமைப் பேரரசின் நாணயங்களைப் பட்டியலிடும் அறிஞர்கள் இன்றும் முதலில் கேட்பவை இவ்விரு வினாக்களே. ஆண்டவர் பின்னர் அளித்த விடையை நாம் ஆயிரம் முறை மேற்கோள் காட்டியிருக்கிறோம். அவர் கேட்ட வினாவையோ மறந்துவிட்டோம். காசைக் கையிலெடுத்து, இருப்பதை இருப்பதாகவும் இல்லாததை இல்லாததாகவும் சொல்லும் நேர்மை நம்மிடையே அருகி வருகிறது என்பதே நமது குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் நம்மையும் சேர்த்தே நிறுத்துகிறோம்.

கொன்ஸ்தந்தீன் பேரரசரின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 312ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் மில்வியன் பாலத்தருகே நிகழ்ந்த போருக்கு முன் அவர் வானில் சிலுவையைக் கண்டார், வென்றார், அன்றே பழைய தெய்வங்களை உதறித் தள்ளினார். மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்றது இது. இன்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் இதுவே. ஆனால் அப்பேரரசரே வெளியிட்ட காசுகள் வேறு கதை கூறுகின்றன.

போர் முடிந்த மறு ஆண்டு, 313இல், அடிக்கப்பட்ட பெரிய பொற்பதக்கம் ஒன்று பாரிசு நகரில் உள்ளது. அதில் கொன்ஸ்தந்தீனின் முகத்தோடு ஒட்டி நிற்பது கதிரவக் கடவுளின் முகம். வெல்லற்கரிய கதிரவனைப் பேரரசரின் துணைவனாகப் போற்றும் வெண்கலக் காசுகள் ஏறத்தாழ 318 வரை பல நகரங்களின் அக்கசாலைகளில் பெருவாரியாக அடிக்கப்பட்டன. பொற்காசுகளில் 325 அளவிலும் கதிரவன் தோன்றுகிறான். மன்னர் திருமுழுக்குப் பெற்றதோ, 337ஆம் ஆண்டில், இறக்கும் தறுவாயில்.

இவற்றையெல்லாம் எவ்வாறு அறிகிறோம்? காசின் அடிப்பகுதியிலுள்ள சிற்றெழுத்துகள் அது எந்த அக்கசாலையில், எந்தப் பட்டறையில் பிறந்தது என்று காட்டும். எடை, உலோகம், பட்டங்கள், ஒரே புதையலில் உடன்கிடந்த காசுகள் ஆகியவற்றை ஒப்பிட்டுக் காலத்தை வரையறுப்பர். பின்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் புரூன் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியல், 313 முதல் 337 வரையிலான காசுகளை இவ்வாறு வரிசைப்படுத்தியது. 1923 முதல் 1994 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த பெரும்பணியின் ஏழாம் தொகுதி அது. இத்தகைய உழைப்பை ஒரே மூச்சில் ஊதித் தள்ளிவிட்டுக் கதையை மட்டும் பற்றிக்கொள்வது பக்தியாகுமா?

“எளிய மக்களின் விசுவாசத்தை ஏன் குலைக்கிறீர்கள்?” என்று சிலர் சினக்கக்கூடும். அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்: எளிய மக்களின் விசுவாசம் ஒரு செப்புக்காசைக் கண்டே நடுங்கும் அளவுக்கு நலிவுற்றதா? அவ்வாறாயின் அதை நலிவுறச் செய்தவர் யார்? பாறைமீது கட்ட வேண்டியதை மிகையுரை என்னும் மணல்மீது கட்டியவர்கள் அல்லரோ?

எதிர்த்தரப்பினரையும் நாம் விடுவதற்கில்லை. கொன்ஸ்தந்தீன் வெறும் வேடதாரி என்று முழங்குவோர் காசுப் பட்டியலை நம்மைவிடக் கவனமாகப் படித்தவர்கள் அல்லர். 315ஆம் ஆண்டினது எனக் கொள்ளப்படும் வெள்ளிப் பதக்கத்தில் மன்னரின் தலைக்கவசத்தில், கிறிஸ்துவின் கிரேக்கப் பெயரது முதலிரண்டு எழுத்துகளைப் பின்னிய திருக்குறி விளங்குகிறது. 327ஆம் ஆண்டளவில் கொன்ஸ்தந்திநோபிளில் அடித்த அரிய காசில், அக்குறி தாங்கிய கொடிக்கம்பம் பாம்பைக் குத்தி நிற்கிறது. ஒரு மனிதன், ஓர் அரசு, மெல்ல மெல்ல, தயங்கித் தயங்கித் திரும்பியதையே காசுகள் காட்டுகின்றன. நம் ஒவ்வொருவரின் மனமாற்றமும் அப்படித்தானே நிகழ்கிறது?

காசில் தான் விரும்பியதைக் காணும் சோதனை ஆயர் யூசேபியுவையே விட்டுவைக்கவில்லை. கொன்ஸ்தந்தீன் கண்களை மேல்நோக்கி உயர்த்தியிருக்கும் பொற்காசைக் கண்டு, மன்னர் இறைவனை வேண்டுகிறார் என்று அவர் எழுதினார். மகா அலெக்சாந்தர் காலந்தொட்டுக் கிரேக்க மன்னர்களின் உருவங்களில் வழங்கிவந்த பாணி அது என்பதைப் பட்டியலிடுவோர் அறிவர்.

இன்னொரு பாடமும் உண்டு. கிறிஸ்துவின் திருக்குறி காசின் பின்புறம் முழுவதையும் நிறைத்துப் பெரிதாக முதன்முதல் வெளிவந்தது மக்னென்சியுவின் ஆட்சியில், 353ஆம் ஆண்டளவில். இவர் கொன்ஸ்தந்தீனின் மகன் கொன்ஸ்தான்சைக் கொல்வித்து அரியணையைக் கைப்பற்றியவர். திருக்குறி பெரிதாக இருப்பதால் உள்ளமும் பெரிதாகிவிடாது. ஊர்வலத்திலும் கொடியிலும் மேடையிலும் சிலுவையைப் பெரிதாக்குவதில் போட்டியிடும் நாம் இதை நினைவில் கொள்வது நலம்.

இவ்வாய்வு திருச்சபைக்குப் பகையானது என்பாரும் அறியட்டும்: நாணயவியலை முறையான அறிவியலாக்கியவர் வியன்னாவின் யோசேப்பு எக்கேல். இயேசு சபைத் துறவி. 1773இல் அச்சபை ஒடுக்கப்பட்ட பின்னரும் அவர் சோர்ந்துவிடவில்லை. அரச நாணயக் காப்பகத்தின் பொறுப்பேற்று, 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகளில் தம் பெருநூலை வெளியிட்டார். போலிக் காசை மெய்க்காசிலிருந்து பிரித்தறிவதும் இறைப்பணியே.

நம் நாட்டிலும் இவ்வினா எழுகிறது. கரூர், மதுரை ஆற்றுப்படுகைகளில் கிடைத்த பிற்கால உரோமைச் செப்புக்காசுகளை அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994ஆம் ஆண்டில் நூலாக்கினார். அவை வணிகத்துக்குச் சான்று. அவற்றுள் ஒன்றில் திருக்குறி காணப்படினும், அதைக் கொண்டு அங்கே ஒரு கிறிஸ்தவச் சபை இருந்தது என்று முழங்க நமக்கு உரிமையில்லை. காசு கைமாறும்; விசுவாசம் அவ்வாறு கைமாறுவதில்லை.

ஆகவே, உருவத்தைப் பார்ப்போம், எழுத்தைப் படிப்போம், கண்டதை மட்டும் கூறுவோம். சீசரின் காசைப் பற்றிக்கூட உண்மை பேசத் துணியாத நாவு, கடவுளைப் பற்றிப் பேசும்போது உலகம் ஏன் அதை நம்ப வேண்டும்?