ஃபாஸ்ட் பவுலருக்கு 15 கோடியா?

மங்கரே வீட்டுல என்னோட தங்கியிருக்கிற சமோவா பையனுக்கு அமெரிக்க ஃபுட்பால் பைத்தியம். காலேஜ்ல இருந்து வர்ற புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையா பொறுக்கி எடுக்கும்போது, ரன்னிங் பேக்கை முதல்லயே எடுக்கலாமா கூடாதாங்கறதுல அவனுக்கு ராத்தூக்கம் போகுது. பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு கூட்டத்துக்குள்ள முட்டி ஓடறவர்தான் ரன்னிங் பேக். அடி வாங்கறதே வேலை, அதனால சீக்கிரமே தேஞ்சுடுவார்.

நமக்கு இது ஐபிஎல் ஏலத்துல பழகின கணக்குதான் மக்களே. இங்க தேயறது ஃபாஸ்ட் பவுலர்.

ஆக்லாந்துல பொறந்த கைல் ஜேமிசனையே எடுத்துக்குங்க. 2021 பிப்ரவரியில, சென்னையில நடந்த ஏலத்துல பெங்களூரு 15 கோடி கொடுத்துச்சு. அந்த சீசன்ல 9 ஆட்டம், 9 விக்கெட். (அதே வருஷம் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில நம்ம பசங்களோட 7 விக்கெட்டைச் சாய்ச்சார். அது தனி வயித்தெரிச்சல்.) 2022ல முதுகு போச்சு. அடுத்த சீசனுக்கு சென்னை 1 கோடிக்கு வாங்கியும் அவரால ஆட முடியல.

சென்னை ஏற்கெனவே சூடு பட்டதுதான். 2022ல தீபக் சாஹருக்கு 14 கோடி. காயத்தால அந்த சீசன்ல ஒரு பந்துகூட போடல. அதே சீசன்ல ஆடம் மில்னும் காயம்பட்டு விலக, பதிலுக்கு 20 லட்சத்துக்கு வந்தவர்தான் பதிரன. 2023ல 19 விக்கெட், கோப்பையும் வந்துச்சு.

24.75 கோடி ஸ்டார்க், 2024 இறுதியாட்டத்துல நம்ம சேப்பாக்கத்துலயே ஆட்டநாயகன் ஆகலையான்னு சண்டைக்கு வருவீங்க. வாங்க! அப்போ கொல்கத்தா கையில நரைன், ரஸ்ஸல் எல்லாம் ஏற்கெனவே இருந்தாங்க. மிச்சம் இருந்த ஒரு ஓட்டையை அடைக்க காசு கொட்டினாங்க. காலி அணியோட ஏலத்துக்குப் போறவங்க முதல்ல பேட்ஸ்மேனைப் பிடிக்கட்டும். வேகத்துக்கு சின்ன விலையில மூணு பேரை எடுத்தா, ஒரு முதுகு போனாலும் ரெண்டு முதுகு மிஞ்சும்.