பேரேட்டில் பேர் இல்லை

உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். சைக்கிள் செயின், மிக்ஸி மோட்டார், கட்டை போன ஹார்மோனியம் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும் கடை. போன மாதம் போனபோது ஓர் அட்டைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். உள்ளே இசைத்தட்டுகள்.

"இங்கிலீஷ் தட்டுன்னா ஐநூறுங்க. பீட்டில்ஸாமா, காலேஜ் பசங்க தேடி வர்றாங்க. தமிழ்த் தட்டு வேணும்னா அம்பது குடுத்துட்டு எடுத்துக்குங்க."

இரண்டுமே அறுபதுகளில் வந்தவை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இங்கிலீஷ் தட்டின் உறையில் நாலு பேரின் பெயர், யார் என்ன வாசித்தார்கள், தயாரிப்பாளர் யார் என்று எல்லாம் இருந்தது. தமிழ்த் தட்டில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடியவர். அவ்வளவுதான். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். அதன் ஆரம்பத்தில் வரும் கிடார்தான் பாட்டுக்கே உயிர்.

"இந்த கிடார் வாசிச்சது யாருங்க பாய்?"

"அதுல எழுதலீங்களா? அப்பப் போங்க, யாருக்குத் தெரியும்?"

பாய் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

இதே கேள்வியை பீட்டில்ஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1963 பிப்ரவரி 11, லண்டன் அபே ரோட்டில் இருந்த ஈ.எம்.ஐ. ஸ்டூடியோ. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். ராத்திரி பத்தே முக்காலுக்கு முடிப்பதற்குள் அவர்களின் முதல் ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டு பதிவாகிவிட்டது. மதியம் ஸ்டூடியோ ஊழியர்கள் சாப்பிடப் போனபோது இந்த நாலு பேரும் பாலைக் குடித்துவிட்டு உள்ளேயே ஒத்திகை பார்த்தார்கள். ஜான் லெனனுக்கு அன்று சளி. தொண்டையைக் கிழிக்கும் பாட்டைக் கடைசிக்கு வைத்தார்கள். தட்டில் இருப்பது அந்தப் பாட்டின் முதல் டேக்.

அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமை மத்தியானம் யார் என்ன குடித்தார்கள் என்பது வரை உக்கடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது. எப்படி? உடன் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். அதைவிட முக்கியம், அந்தக் கம்பெனி எழுதி வைத்தது. எந்த ஸ்டூடியோ, எத்தனை மணி, எந்தப் பாட்டு, எத்தனையாவது டேக் என்று ஒவ்வொரு நாளுக்கும் தாள் இருந்தது. அந்தத் தாள்களையும் டேப்புகளையும் வைத்து மார்க் லூயிசன் 1988-இல் ஒரு தடிமனான புத்தகமே போட்டார். 1962-இல் ஒரே ஒரு நாள் ரிங்கோவுக்குப் பதிலாக டிரம்ஸ் வாசிக்க வந்த ஆண்டி ஒயிட் பெயர்கூட உலகத்துக்குத் தெரியும்.

நான் பி.காம். படித்தவன். டே புக், வவுச்சர், பேரேடு இதெல்லாம் எங்கள் பாஷை. வவுச்சர் இல்லாத செலவு செலவே இல்லை என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். அபே ரோடு எனக்கு அந்த வகையில்தான் ஆச்சரியம். கலை இருக்கட்டும், கணக்கு எவ்வளவு சுத்தம்!

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

அறுபதுகளில் மெட்ராஸிலும் கிடாரும் டிரம்ஸுமாக ஆங்கிலப் பாட்டு வாசித்த குழுக்கள் இருந்தன. ஆனால் உக்கடத்து டீக்கடை வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தது சினிமா ஆர்கெஸ்ட்ராதான். நம்முடைய ராக் பேண்ட் அதுதான். அது எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டுமானால் 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தைப் போட்டுப் பாருங்கள். அதில் ரெக்கார்டிங் தியேட்டரையே காட்டும் ஒரு பாட்டு உண்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் கையை வீசி நடத்துகிறார், டி.எம்.சௌந்தரராஜன் மைக் முன்னால் நிற்கிறார், சுற்றிலும் வாத்தியக்காரர்கள்.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் என்பது கயிற்றில் நடக்கிற வேலை. இன்று மாதிரி கிடாரைத் தனியாக, தபலாவைத் தனியாகப் பதிந்து, தப்பான இடத்தை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைச் சொல்ல, உதவியாளர்கள் நோட்ஸ் எழுத, ஒத்திகை மேல் ஒத்திகை நடக்கும். பிறகு பாடகரும் வாத்தியங்களும் சேர்ந்து ஒரே மூச்சில் டேக். கடைசிச் சரணத்தில் ஒரே ஒரு வயலின் பிசகினாலும், "மறுபடியும் முதல்ல இருந்து!" அத்தனை பேரும் தப்பில்லாமல் வாசித்த அந்த ஒரு டேக்தான் நாம் அறுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது.

அவர்கள் யார்? கிடார் பிலிப்ஸ், டிரம்ஸ் நோயல் கிராண்ட், அக்கார்டியன் மங்களமூர்த்தி, புல்லாங்குழல் நஞ்சப்பா, ஷெனாய் சத்யம் என்று ரசிகர்கள் சிலர் வாய்மொழியாகக் காப்பாற்றி வைத்த பெயர்கள் கொஞ்சம் உண்டு. தட்டில் தேடினால் கிடைக்காது. எந்தப் பாட்டில் யார் என்று அடித்துச் சொல்ல பெரும்பாலும் காகிதம் கிடையாது.

"அந்தக் காலத்துல நம்ம நாட்டுல ஏதுங்க அந்த வசதி?" என்பீர்கள். அதுதான் இல்லை. தமிழ் சினிமாத் தட்டுகளை ஏராளமாக வெளியிட்ட கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, பீட்டில்ஸை வைத்திருந்த அதே ஈ.எம்.ஐ.யின் இந்தியக் கிளை. 1968 ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய்க்கு வந்து, அந்தக் கம்பெனியின் ஸ்டூடியோவிலேயே 'வொண்டர்வால் மியூசிக்' ஆல்பத்துக்காக நம் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். அந்த உறையில் ஆஷிஷ் கான், சிவகுமார் சர்மா, மகாபுருஷ் மிஸ்ரா என்று வாசித்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களை மட்டும் ரொம்பவும் உயர்த்த வேண்டாம். 1967-இல் வந்த 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தில் ஹாரிசன் பாட்டுக்கு தில்ரூபாவும் தபலாவும் வாசித்த லண்டன்வாழ் இந்தியர்களின் பெயர்கள் உறையில் இல்லை. ஆக, விஷயம் வசதியில் இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுகிறார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு வாதம் உண்டு. "கூலி வாங்கிட்டாங்கள்ல? வீடு கட்டுன கொத்தனார் பேரையா செவுத்துல எழுதறோம்?"

முதலில் அந்தக் கூலிக்கே போராட வேண்டியிருந்தது. வாத்தியக்காரர்களுக்கு ஒழுங்காகப் பணம் வர வேண்டும் என்று இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் முன்னால் நின்று சங்கம் கட்டினார். இரண்டாவது, கோயமுத்தூர்க்காரனிடம் இந்த வாதம் எடுபடாது. இந்த ஊர் மில்களில் பஞ்சு அள்ளியவர் பேரும் மஸ்டர் ரோலில் இருந்தது. கூலி கொடுத்ததற்கே பேர் எழுதினான் மில்காரன். பாட்டை விற்றவன் ஏன் எழுதவில்லை?

பேர் இல்லாத வலி எம்.எஸ்.வி.க்கே தெரியும். அவர் பையனாக எடுபிடி வேலை பார்த்தது இதே கோவையில், சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில். ஜூபிடர் பிக்சர்ஸின் 'அபிமன்யு' (1948) படத்தில் அவர் போட்ட மெட்டு, எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் பெயரில் வந்தது. ஜூபிடர் சென்னைக்குக் கிளம்பும்போது, 'இந்தப் பையன் போட்ட மெட்டு அது, இவனையும் கூட்டிப் போங்கள்' என்று நாயுடுவே முதலாளியிடம் உண்மையைச் சொன்னார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. ஒரு பெரிய மனிதர் வாயைத் திறந்ததால் நமக்கு ஒரு மெல்லிசை மன்னர் கிடைத்தார். வாயைத் திறக்க ஆள் இல்லாதவர்கள் எத்தனை பேரோ!

பழைய கதை என்று விட்டுவிடலாம், சட்டம் விட்டால். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி உறுதியானது, நல்லது. கலைஞர்களுக்கும் பங்கு உண்டு, 'இதை வாசித்தது நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் உண்டு என்றார்கள், ரொம்ப நல்லது. கூடவே ஒரு விதிவிலக்கு. சினிமாவில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்கும் பெயர் போடப்படாதவர் என்றால், அவரைக் 'கலைஞர்' என்று கருத வேண்டியதில்லை. வாசித்ததைத் திரித்துக் கெடுத்தால் தடுக்கலாம், அவ்வளவே. வாசித்தது நான் என்று கேட்க முடியாது.

திருப்பிப் படியுங்கள். பேர் போடாத வழக்கமே, பேர் கேட்கும் உரிமை இல்லை என்பதற்குக் காரணமாகிறது! கிடார்க்காரரைத் 'துணையானவர்' என்று ஒரு வக்கீல் வாதாடிவிட்டால் போதும். திருடன் பூட்டை உடைத்துவிட்டு, 'பூட்டே இல்லாத வீடுதானே' என்று வழக்காடுகிற மாதிரி இருக்கிறது.

இன்று ஏதோ ஒரு ஸ்டூடியோவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பையனின் பிரச்னை இது. ஏ.ஆர்.ரஹ்மான் தன் ஆல்ப உறைகளில் வாசித்தவர்கள் பெயரைப் போட்டுக் காட்டினார். யார் குடியும் முழுகிவிடவில்லை.

அறுபதுகளின் ஆட்களுக்கு இனிக் காசு கேட்டும் பயனில்லை. ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 ஆண்டு. 1964-இல் வெளியானவற்றுக்கு 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. கம்பெனிகள் சம்பாதிக்க வேண்டியதைச் சம்பாதித்து முடித்துவிட்டன. மிச்சம் இருப்பது பேர் மட்டும்தான்.

அதையாவது கொடுங்கள். கம்பெனிகள் தங்கள் கிட்டங்கியைத் திறந்து பழைய தாள்கள் இருந்தால் வெளியே விடட்டும். சங்கத்தின் பழைய ரிஜிஸ்தர்களை ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் எடுத்துப் பாதுகாக்கட்டும். செல்போனில் பாட்டு விற்பவர்கள், பாடியவர் பெயருக்குக் கீழே வாசித்தவர்களுக்கும் நாலு வரி ஒதுக்கட்டும். அந்த விதிவிலக்கை நாடாளுமன்றம் நீக்கட்டும். கிரிகரி பூத் என்ற வெளிநாட்டுப் பேராசிரியர் பம்பாய் வாத்தியக்காரர்களைத் தேடித் தேடிப் பேட்டி கண்டு 2008-இல் புத்தகம் போட்டார். கோடம்பாக்கத்தில் மிச்சமிருக்கும் தாத்தாக்களைத் தேடிப் போக இங்கே ஒரு இருபது மாணவர்கள் போதும். சீக்கிரம் போக வேண்டும், அவர்களுக்கெல்லாம் எண்பது தாண்டிவிட்டது.

பாயிடம் அம்பது ரூபாய் கொடுத்துத் தமிழ்த் தட்டைத்தான் வாங்கி வந்தேன். உறையின் பின்பக்கம் பென்சிலால் 'கிடார்:' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.