ஆதிக்கத்தை எதிர்ப்போம், ஆளை வெறுக்கமாட்டோம்!

தம்பி!

1938-இலும் 1965-இலும் இந்தித் திணிப்பை எதிர்த்துக் களம் கண்டவர்கள் நாம். 1968-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள், அறிஞர் அண்ணா தலைமையிலான அரசு இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிற்று. தமிழ் நம் வீடு. ஆங்கிலம் அவ்வீட்டின் சாளரம். அச்சாளரத்தின் வழியே நம் பிள்ளைகள் காண்பது யாது? வேலை விண்ணப்பம் ஒன்றுதானா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைப் பார், தம்பி! பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் நம்மவரோடு தோளோடு தோள் நின்று வியர்வை சிந்துகின்றனர். அவர்களை 'வடக்கன்' என்று ஏளனம் பேசும் நாக்கு நம்மிடையேயும் உண்டு. மறைப்பானேன்?

சேக்சுபியரின் சைலாக்கை எண்ணிப் பார். யூதன் என்பதற்காகவே இழிவுபடுத்தப்பட்டவன். பழிவாங்கத் துடிக்கும் கொடியவனுங்கூட. ஆயினும், தானும் மற்றவரைப் போல் நோவும் பசியும் உடைய மனிதனே என்று அவன் வாதிடும்போது, வெனிசு நகரத்தாரிடம் விடை ஏது? பம்மல் சம்பந்த முதலியார் அந்நாடகத்தை 'வாணீபுர வணிகன்' எனத் தமிழாக்கினார்; அயலான் துயரம் நம் மேடையிலும் பேசிற்று.

ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், அருஞ்சொற்பொருளோடு நின்றுவிடலாகாது. "நம் தெருவில் சைலாக்கின் இடத்தில் இன்று நிற்பவர் யார்?" என்று கேட்கவேண்டும். அந்த வினாவை வகுப்பில் சந்தித்த மாணவன், இந்தியின் ஆதிக்கத்தை எதிர்ப்பான். இந்தி பேசும் ஏழையை எதிரியாகக் கருதமாட்டான்.

மொழிப்போரில் நாம் கேட்டது மதிப்பு. கேட்டதைக் கொடுக்கவும் கற்போம், தம்பி!