இடைவெளியும் ஓர் எழுத்தே

ஓலைச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதும் வழக்கம் இல்லை என்பது சுவடியியல் பயின்றோர் அறிந்ததே. எழுதுவோர் தொடர்ந்து எழுதிச் சென்றனர். படிப்போர் பிரித்துப் பொருள் கொண்டனர். பிரிக்கும் இடம் பிழைத்தால் பொருளும் பிழைத்தது. 'தாமரை' என்று ஒருமொழியாகக் கொண்டால் மலர். 'தா மரை' என்று தொடர்மொழியாகக் கொண்டால் தாவும் மான். பொதுமொழி என்னும் இந்த இலக்கணத்தை இளங்கலை முதலாண்டு மாணவரும் அறிவர். ஆயின், இதே இலக்கணம் கணிப்பொறிக்கும் உண்டு என்பதை அண்மையில் ஒரு பேரிழப்பிற்குப் பிறகே யான் உணர்ந்தேன்.

லினக்ஸ் இயங்குதளத்தில் நாம் இடும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். நாள்தோறும் செய்யும் பணிகளை வரிசையாக எழுதி வைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட் ஆகும். அதில் ஒரு பெயரையோ எண்ணையோ இட்டு வைக்கும் கலத்தை 'மாறி' என்பர். என் பாடக்குறிப்புகளைப் படியெடுத்து வைப்பதற்காக, முன்னாள் மாணவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, அத்தகைய ஸ்கிரிப்ட் ஒன்றை யானே எழுதினேன்.

என் கணிப்பொறியில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்று 'சீறாப்புராணம்', பல்லாண்டுகளாகத் திருத்தித் திருத்திச் செப்பம் செய்த குறிப்புகள் அதில் இருந்தன. மற்றொன்று 'சீறாப்புராணம் பழையது'. கழிக்க வேண்டிய பழைய படிகள் அதில் இருந்தன. இரண்டாவது பெயரை ஒரு மாறியில் இட்டு, அதனை அழிக்குமாறு 'ஆர்.எம்.' என்னும் கட்டளையை, மறுவினா எழுப்பாமல் அழிக்கும் குறிப்போடு எழுதியிருந்தேன். மாறியைச் சுற்றி மேற்கோள் குறி இடவில்லை. ஷெல் அப்பெயரை இடைவெளியில் வெட்டி இரண்டாக்கிற்று. 'சீறாப்புராணம்' என்பதை முதலில் அழித்தது. 'பழையது' என்று ஒன்றைத் தேடியது. அப்படியொன்று இல்லாமையால் வாய் பேசாது முடித்துக்கொண்டது. காக்க வேண்டியது போயிற்று. கழிக்க வேண்டியது எஞ்சிற்று. அந்தப் பழைய படிகளைக் கொண்டே இன்று மீண்டும் குறிப்பெழுதி வருகிறேன்.

செய்தியறிந்த அம்மாணவர், "ஐயா, கோப்பின் பெயரில் இடைவெளி விட்டதுதான் தவறு. இனி அடிக்கோடு இட்டுச் சேர்த்து எழுதுங்கள்" என்றார். கணிப்பொறி கற்றோர் பலரும் கூறும் அறிவுரை இதுவே. அன்போடு கூறப்பட்ட அவ்வுரையை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அதற்குரிய காரணங்களை அறிஞர் பெருமக்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

முதலாவது, இடைவெளியை இயங்குதளம் தடை செய்யவில்லை. யுனிக்ஸ் மரபில் கோப்பின் பெயருள் வரக்கூடாத குறிகள் இரண்டே: ஒன்று சாய்கோடு, மற்றொன்று சுழியம் எனப்படும் வெற்றுக்குறி. இடைவெளி ஏனைய எழுத்துகளைப் போன்று ஓர் எழுத்தாகவே அங்கு மதிக்கப்படுகிறது. வெட்டுவது ஷெல்லின் வழக்கம். ஸ்டீபன் பார்ன் எழுதி 1979-இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஷெல்லில் இவ்வழக்கம் இருந்தது. 1989-இல் தோன்றிய 'பாஷ்' அதனைப் பின்பற்றியது. ஏழாம் பதிப்பில் கோப்பின் பெயர் 14 எழுத்துக்கு மேற்படாது. இன்றோ நூலின் முழுத் தலைப்பையே பெயராக இடுகிறோம். 1990-இல் தோன்றிய 'இசட்.எஸ்.எச்.' என்னும் ஷெல், மேற்கோள் இல்லாவிடினும் மாறியின் மதிப்பை இயல்பாக வெட்டுவதில்லை. ஆகவே, வெட்டுதல் மாற்றவொண்ணா விதியன்று.

இரண்டாவது, இப்பிழை எம்போன்ற கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் உரியதன்று. 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0-இன் நிறுவல் ஸ்கிரிப்டில் ஒரு மாறிக்கு மேற்கோள் குறி விடுபட்டிருந்தது. பெயரில் இடைவெளி கொண்ட வட்டுப் பகுதிகளை வைத்திருந்த சிலருக்கு வட்டின் உள்ளடக்கமே அழிந்தது. நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்று, திருத்திய பதிப்பை வெளியிட்டது. திருத்தம் மேற்கோள் குறி இட்டதேயன்றி, வாடிக்கையாளரின் வட்டுப் பெயரை மாற்றச் சொன்னதன்று. பொறுப்பு யாருடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாவதே தலையாயது. பெயர் என்பது அதனை உடையவருக்கு உரியது. 'அப்துல் கரீம்' என்னும் பெயரை இடைவெளியில் வெட்டி 'அப்துல்' என்பதை மட்டும் எடுத்தால், அடியான் எனும் பொருள் எஞ்சுமேயன்றி யாருக்கு அடியான் என்பது விடுபட்டுப் போகும். மாணவர் பெயரால் கோப்புகளை வகைப்படுத்தும் ஒரு ஸ்கிரிப்ட் இத்தகைய பெயர்களைச் சிதைக்குமாயின், திருந்த வேண்டியது ஸ்கிரிப்டே. பெற்றோர் சூட்டிய பெயர் அன்று.

இனி, ஸ்கிரிப்ட் எழுதப் புகும் மாணவர் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவேன். மாறியின் பெயரை உண்மையில் உரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். விளக்கத்தின் பொருட்டு ஈண்டுத் தமிழில் தருகிறேன். $பெயர் என்று வறிதே எழுதாது, "$பெயர்" என்று இரட்டை மேற்கோளுக்குள் எழுதுக. அப்போது ஷெல் அதனை ஒருமொழியாகக் கொள்ளும், வெட்டாது. உடுக்குறி, வினாக்குறி முதலியன மதிப்பினுள் இருந்தாலும் அவற்றை விரிக்காது. ஒற்றை மேற்கோள் இடின் மாறியின் மதிப்பு வாராது. எழுதிய எழுத்தே வரும். ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கப்படும் பெயர்கள் அனைத்தையும் மற்றொரு கட்டளைக்கு அனுப்புமிடத்து "$@" என்று மேற்கோளோடு எழுதுக. கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் சுழலில், 'எல்.எஸ்.' கட்டளையின் வெளியீட்டை நம்பாது உடுக்குறியை நேரே பயன்படுத்துக. பல பெயர்களை ஒரு மாறியில் அடுக்க வேண்டுமாயின், பாஷ் தரும் அணி என்னும் அமைப்பை நாடுக. 'ஷெல்செக்' என்னும் இலவசக் கருவி, மேற்கோள் விடுபட்ட இடங்களைச் சுட்டிக்காட்டும். எல்லாவற்றினும் மேலாக, அழிக்கும் கட்டளையை இயக்குமுன், அழியப்போகும் பெயர் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் அச்சிட்டுப் பார்க்கவும். அன்று யான் அவ்வாறு செய்திருப்பின் ஒரு பெயர் இரண்டு வரியாக நிற்பதைக் கண்டு கை நிறுத்தியிருப்பேன்.

இடைவெளி இல்லாப் பெயரே தமக்கு எளிது என்போர் தம் கோப்புகளுக்கு அவ்வாறே இட்டுக்கொள்ளலாம், அதில் தவறில்லை. அது தன் வசதி. பிறர் கோப்புகளைக் கையாளும் ஸ்கிரிப்டை எழுதுபவர் அவ்வசதியை எதிர்பார்த்தல் ஆகாது.

சுவடிகளைப் பதிப்பித்த முன்னோர், சொல் பிரியும் இடத்தைத் தேர்வதில் எத்துணை விழிப்பாயிருந்தனர் என்பதை நாம் வகுப்பறையில் போற்றுகிறோம். அவ்விழிப்பு இன்று விசைப்பலகையின் முன் அமர்வோருக்கும் வேண்டும். தமிழ் பயிலும் மாணவச் செல்வங்கள் கணிப்பொறிப் பணிக்குச் செல்லும் காலம் இது. பிரிக்க வேண்டிய இடத்தில் பிரித்து, சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கும் நம் இலக்கணப் பயிற்சியை அங்கும் கொண்டு செல்வார்களாக.