ஸ்மித் என்றொரு கொல்லர்

பிரித்தானியத் தொழிற்கட்சியின் தலைவராக இருந்த ஜோன் ஸ்மித் 1994ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி மாரடைப்பால் காலமானார். அந்தச் செய்தி யாழ்ப்பாணத்தில் நான் அப்போது பணியாற்றிய பத்திரிகைக் காரியாலயத்துக்கு வந்துசேர்ந்த விதத்தைச் சொன்னால் இன்றைய இளம் பத்திரிகையாளர்கள் நம்பமாட்டார்கள். குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருவர் நிறுத்திவைத்த சைக்கிளை மிதிக்க, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி பேசியது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் நான் குறிப்பெடுத்தேன். அச்சுத்தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம் அது.

செய்தியை எழுதி முடித்ததும் ஒரு விவாதம் எழுந்தது. ‘ஸ்மித்’ என்று எழுதுவதா, ‘சிமித்’ என்று எழுதுவதா? தனித்தமிழ்ப் பற்றுள்ள ஒருவர் ‘சிமித்’ என்றார். வேறொருவர், “ஏன் கஷ்டப்படுகிறீர்கள்? பெயரின் அர்த்தத்தையே போட்டுவிடுங்கள், ‘கொல்லர் காலமானார்’ என்று” எனப் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மூலையில் நின்று எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அச்சுக்கோப்பாளர் சிரிக்கவில்லை. அவர் கொல்லுலை வைத்திருந்த ஒருவரின் மகன் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு அடங்கியபிறகுதான் அது எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

சற்று நேரம் கழித்து அவர் என்னிடம் வந்தார். “தம்பி, உந்தப் பேருக்கு உதுதான் அர்த்தமோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப உந்தாளின்ர தேப்பன் என்ன தொழில் செய்தவர்?”

எனக்குத் தெரியவில்லை. (தந்தையார் பாடசாலை அதிபர் என்பதையும், ஸ்மித் அவர்களே சட்டத்தரணி என்பதையும் பின்னர்தான் அறிந்தேன்.)

“கொல்ல வேலையை விட்டாப் பிறகும் ஏன் அந்தப் பேரை வைச்சிருக்கினம்? வெக்கமில்லையோ?” என்று கேட்டார்.

கேலியாக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். கலைப்பட்டதாரியான என்னிடம் பதில் இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்தி அந்தப் பதிலை எழுத முயல்கிறேன்.

‘ஸ்மித்’ என்பது 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பிருந்தே பழைய ஆங்கிலத்தில் வழங்கிய சொல். உலோக வேலை செய்பவர் என்பது பொருள். அக்காலத்தில் சாதாரண ஆங்கிலேயருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஜோன் என்றால் ஜோன்தான். ஊருக்கு நான்கு ஜோன்கள் இருந்தபோது ‘ஆற்றங்கரை ஜோன்’, ‘ரொபேட்டின் மகன் ஜோன்’, ‘கொல்லன் ஜோன்’ என்று அழைத்தார்கள். எங்கள் கிராமங்களிலும் வழக்கம் இதுவேதான். நிலவுடைமையையும் வரியையும் எழுத்தில் பதியவேண்டிய தேவை வளர வளர, இந்த அடைமொழிகள் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் பெயர்களாக இறுகின. 1400ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களுக்கு இவ்வாறு பெயர் நிலைத்துவிட்டது.

இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதுவே முதலிடத்தில் நிற்கும் குடும்பப்பெயர். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மட்டும் 24 இலட்சத்து 42 ஆயிரத்து 977 ஸ்மித்கள் இருந்தனர். கொல்லர் தொகை அதிகமாக இருந்ததால் பெயரும் பெருகிற்று என்று எண்ணத் தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை. உழவர் தொகை அதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனால் ஊரே உழும்போது ஒருவனை ‘உழவன்’ என்று அழைத்து யாரை அடையாளம் காட்டுவது? கொல்லன் ஊருக்கு ஒருவன். அவன் இல்லாமல் ஏரும் இல்லை, வாளும் இல்லை. எல்லா ஊரிலும் ஒருவன் என்பதனால்தான் நாடு முழுவதும் அவன் பெயர் முளைத்தது. ஜேர்மனியின் ஷ்மிட், பிரான்ஸின் லெஃபெவ்ர், இத்தாலியின் ஃபெராரி, ஹங்கேரியின் கோவாச், ரஷ்யாவின் குஸ்னெட்சோவ், அரபு நாடுகளின் ஹதாத் எல்லாம் இதே கொல்லரின் பெயர்கள்தாம்.

எல்லா ஸ்மித்களும் கொல்லர் வழிவந்தோர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். 1465இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அயர்லாந்தில் ஆங்கிலேயரின் பிடியில் இருந்த பகுதிகளில் வாழ்ந்த ஐரிஷ்காரரை ஆங்கிலக் குடும்பப்பெயர் சூடுமாறு பணித்தது. ஊர்ப்பெயர், நிறப்பெயர், தொழிற்பெயர் ஆகியவற்றுள் எதையும் எடுக்கலாம். தொழிற்பெயருக்கு அச்சட்டம் காட்டிய உதாரணங்களுள் ஸ்மித்தும் ஒன்று. அமெரிக்காவிலோ அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் பலர் இப்பெயரைத் தாங்கினர். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக் மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்திய ரொமி ஸ்மித்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெயர் ஒன்றுதான். ஆனால் அதற்குள் வேலையும் இருக்கிறது, வற்புறுத்தலும் இருக்கிறது.

வெட்கமில்லையா என்பதல்லவா கேள்வி? சிலருக்கு இருந்தது. அதையும் மறைக்கக்கூடாது. யோர்க்‌ஷயரைச் சேர்ந்த சேர் ஹியூ ஸ்மித்சன் என்ற பிரபு, புராதனமான பேர்சி குடும்பத்தின் வாரிசுப் பெண்ணை மணந்தபின், ‘கொல்லன் மகன்’ என்று பொருள்படும் தமது பெயரை விட்டுப் பேர்சியாக மாறினார். 1766இல் நோர்தம்பர்லாந்துக் கோமகனுமானார். அவருக்கு மணவுறவுக்கு வெளியே ஒரு மகன் பிறந்தான். கோமகன் பட்டத்துக்கு உரிமையற்ற அந்த மகன், தாய் இறந்தபின் தந்தை கழற்றி எறிந்த பெயரையே எடுத்து ஜேம்ஸ் ஸ்மித்சன் ஆனார். இரசாயன விஞ்ஞானியாக வாழ்ந்து 1829இல் இறந்தார். ஒருபோதும் கால்வைத்திராத அமெரிக்காவுக்கு அவர் விட்டுச்சென்ற செல்வத்தில்தான் 1846இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவகம் பிறந்தது. இன்று பேர்சி என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களும் ஸ்மித்சோனியனை அறிவார்கள்.

ஆயினும் இத்தகைய வெட்கம் விதிவிலக்கே. கூரை வேய்பவர் என்று பொருள்படும் தட்சர் என்ற பெயருடன் ஒரு பெண்மணி 1979 முதல் 1990 வரை பிரதமராக இருந்தார். தையற்காரர் என்ற ரெயிலரும், பீப்பாய் செய்பவர் என்ற கூப்பரும் எங்கும் இருக்கிறார்கள். ஆங்கிலேயர் பெருந்தன்மை மிக்கவர்கள் என்பதல்ல இதன் காரணம். அவர்களது வர்க்கத் திமிரை எங்கள் நாடு நூற்றைம்பது வருடங்கள் நேரில் அனுபவித்தது. அங்கே பெயர் பரம்பரையாக இறங்கியது; தொழில் கட்டாயமாக இறங்கவில்லை. ஸ்மித்தின் மகன் பேக்கரி வைக்கலாம், பேக்கரின் மகள் ஸ்மித்தை மணக்கலாம். ஐந்தாறு தலைமுறைக்குள் பெயரிலிருந்து கரி கழன்றுவிட்டது. எங்களிடமோ தொழில் பிறப்போடு இறங்கியது. யார் யாரை மணப்பது, யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது என்பதையெல்லாம் அது தீர்மானித்தது. துருத்தியை மூடிவிட்டு எழுத்துக் கோக்க வந்தாலும் அந்தச் சொல் பின்னால் வந்தது.

நாங்களும் எப்போதும் இப்படி இருந்தவர்கள் அல்லர் என்பதே எனக்கு உறுத்துவது. சங்கப் புலவர் வரிசையில் மதுரைப் பெருங்கொல்லன் என்று ஒருவர் இருக்கிறார். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்று இன்னொருவர். தொழிலைப் பெயரின் முன்னே வைத்து, பின்னே ‘ஆர்’ விகுதி சேர்த்து மரியாதையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதியவன்தான் நான். அந்தப் பகிடிக்குச் சிரித்தவனும் நான்தான்.

அன்றிரவு தலைப்பைக் கோக்கும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “தம்பி, ‘ஸ்’ போடவோ ‘சி’ போடவோ?” என்று மட்டும் கேட்டார். ‘ஸ்’ போடச் சொன்னேன்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின் அவரை நான் காணவில்லை. வன்னியில் காலமானார் என்று கேள்வி. சில வருடங்களுக்கு முன் லண்டன் சென்றபோது அவரது மகனைச் சந்தித்தேன். விசா விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் தகப்பனின் பெயரை நிரப்பியதாகவும், அதுவே நிலைத்துவிட்டதாகவும் சொன்னார். பாடசாலையில் பேரப்பிள்ளைகள் இருவரையும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்களாம். ஆசிரியைக்கு உச்சரிக்க வராமல் முதல் பாதியை மட்டும் சொல்கிறாராம்.