நிகாஹ் காணொளியில் சத்தமும் சொல்லும்

தாராசுரம் தறிச் சத்தத்துக்குப் பழகிய ஊர். ஆயினும் நம் நிகாஹ் காணொளிகளின் இரைச்சலுக்கு அவ்வூர்ச் செவிகளும் பழக இயலாது. ஹஜ்ரத்தின் குத்பா மெலிதாகக் கேட்கும். ஒலியைக் கூட்டிவைத்துச் செவிமடுக்கையில், அடுத்த காட்சியில் மண்டப வாசலின் ஆரவாரம் வெடித்துப் பாயும். வளைகுடாவில் இருந்தபடி தங்கையின் நிகாஹைக் கைப்பேசியில் மட்டுமே காணக் கிடைத்த அண்ணனுக்கு, வலீயின் சொல்லும் மணமகனின் ஒப்புதலும்தான் அக்காணொளியின் உயிர். அவற்றைக் கரகரப்பில் தொலைப்பதைச் சிறு குறை என்று நாம் கருதவில்லை.

இப்போது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளே காணொளியைத் தொகுக்கின்றனர். 'நார்மலைஸ் போட்டும் சத்தம் சமமாகவில்லை' என்பது அவர்களின் குறை. மென்பொருளில் கோளாறு இல்லை, தெரிவுதான் பொருந்தவில்லை. நார்மலைஸில் ஒரு வகை ஒலியின் உச்சப் புள்ளியை மட்டுமே பார்க்கும். யாரோ மைக்கைத் தட்டிய ஒரே ஓசையைக் கொண்டு அத்துண்டு முழுவதையும் அளந்துவிடும். பேச்சு அடங்கியே கிடக்கும். ஓயாத ஆரவாரமும் அதே உச்சத்தில்தான் நிற்கும், செவிக்கோ பன்மடங்கு உரக்கக் கேட்கும். மற்றொரு வகை, செவி உணரும் உரப்பை அளப்பது. இதற்கான முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்டது. அலகின் பெயர் எல்.யு.எஃப்.எஸ். பேச்சுக்கு இதுவே ஏற்றது. யூடியூபும் ஏறக்குறைய மைனஸ் 14ஐ மிஞ்சும் ஒலியைத் தானே தாழ்த்திவிடுகிறது. ஆதலால் உரக்கப் பதிவேற்றுவதில் எப்பயனும் இல்லை.

டாவின்சி ரிசால்வில் பல துண்டுகளை ஒருசேரத் தேர்ந்து நார்மலைஸ் செய்வோர் 'இண்டிபெண்டென்ட்' என்பதைத் தெரிவு செய்தல் வேண்டும். 'ரிலேட்டிவ்' என்றிருந்தால் துண்டுகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கும். பலர் இடறுவது இவ்விடத்தில்தான்.

இவை யாவும் பழுதுபடாத ஒலிக்கு மட்டுமே. டிஜிட்டல் பதிவில் பூஜ்ய டெசிபெல்லே கூரை. அதைத் தாண்டிய அலையின் தலை வெட்டுண்டு தட்டையாகிவிடும். பிறகு எவ்வளவு தாழ்த்தினாலும் அதே கரகரப்பு மெல்லிய குரலில் கேட்குமேயன்றிச் சொல் மீளாது. ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னே கைப்பேசியை நிறுத்துவோருக்கு நேர்வது இதுவே. பெட்டியிலிருந்து விலகி, பேசுபவரை அண்மி நின்றாலே பாதி வேலை முடிந்தது. மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து கம்பி வழியே ஒலியை எடுப்பவர்கள், உச்சம் மைனஸ் 12 அளவில் நிற்குமாறு உள்வரும் ஒலியைக் குறைத்துக்கொள்வது நன்று. குறைந்ததைப் பின்னர் கூட்டலாம்.

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 110ஆம் வசனம், தொழுகையில் மிக உரத்தும் மிகத் தாழ்த்தியும் ஓதாமல் இடைவழியைத் தேடுமாறு கூறுகிறது. அது தொழுகையைப் பற்றியது. காணொளித் தொகுப்புக்கு அதைச் சட்டமாக இழுத்துவர நாம் துணியோம். எனினும் அவ்வொழுங்கில் வளர்ந்த சமுதாயத்தின் மண்டபங்களில் சத்தத்தையே சிறப்பென எண்ணும் பழக்கம் எங்ஙனம் புகுந்ததோ!

குத்பா தொடங்குமுன் அரை நிமிடம் பதிவுசெய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்க்கும் பொறுப்பை வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். துஆவின் மீது பின்னணிப் பாடல் சேர்க்கும் வழக்கத்தையும் அப்படியே நிறுத்திவிடலாம்.