‘அதிகாரம்’ என்ற ஒரே சொல் மறைப்பவை

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியிலிருந்து வெளிவந்த ஒளிப்படத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊராட்சி மன்றக் கூட்டம் நடக்கிறது. மற்றவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டத்துக்குத் தலைமையேற்க வேண்டிய தலித் பெண் தலைவர் தரையில் அமர்ந்திருக்கிறார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், விடுதலை நாளன்று, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் ஒருவர் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி பரவிய பின்னரே அரசு நிர்வாகம் தலையிட்டு அவரைக் கொடியேற்ற வைத்தது. இரு நிகழ்வுகளிலும் ‘அதிகாரம் மறுக்கப்பட்டது’ என்றே எல்லோரும் எழுதினார்கள். நாமும் அப்படித்தான் எழுதினோம்.

அதில் பிழையில்லை. ஆனால் வழக்கறிஞர்களாக நீதிமன்றத்தில் நிற்கும்போது அந்தச் சொல் போதாமல் போவதைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். காவல் நிலையத்தில் தமிழில் எழுதப்படும் புகார், உயர் நீதிமன்றத்தை எட்டும்போது ஆங்கிலமாகிவிடுகிறது. சட்டங்களின் மூலமும் ஆங்கிலமே. அந்த மொழியில் ‘பவர்’ வேறு, ‘அத்தாரிட்டி’ வேறு, ‘கண்ட்ரோல்’ வேறு, ‘டாமினன்ஸ்’ வேறு. இவற்றுள் எது பறிக்கப்பட்டது, எது பயன்படுத்தப்பட்டது என்பதைப் பொறுத்தே பிரிவு மாறுகிறது, தண்டனை மாறுகிறது, மெய்ப்பிக்கும் சுமை யார் தோளில் என்பதும் மாறுகிறது. நாமோ நான்கையும் ‘அதிகாரம்’ என்ற ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். (குறளின் பத்துப் பாக்கள் கொண்ட பகுதிக்கும் அதே பெயர்தான். அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம்.)

‘பவர்’ என்பதன் வேர், இயலுதல் என்னும் பொருள்கொண்ட இலத்தீன் சொல். செய்ய முடிந்தால் அது பவர். ‘அத்தாரிட்டி’ அப்படிப்பட்டதன்று. சொல்பவரின் சொல்லுக்குக் கேட்பவர் தரும் ஏற்பு அதற்குள் அடங்கியிருக்கிறது. காவலர் கைகாட்டினால் வண்டி நிற்பது அவருடைய உடல் வலிமையால் அன்று. அவருக்கு அந்த உரிமை உண்டு என்பதை ஓட்டுநர் ஒப்புக்கொள்வதால் நிற்கிறது.

அரசமைப்பு இவ்விரண்டையும் தெரிந்தே இணைத்தது. 1948 நவம்பர் 22 அன்று அரசமைப்பு அவையில் க. சந்தானம் முன்மொழிந்து, இன்று 40ஆம் உறுப்பாக நிற்கும் வாசகம், ஊராட்சிகள் தன்னாட்சி அலகுகளாக இயங்குவதற்குத் தேவையான ‘பவர்ஸ்’, ‘அத்தாரிட்டி’ ஆகிய இரண்டையும் வழங்க வேண்டும் என்கிறது. அண்ணல் அம்பேத்கர் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் அதே மாதம் 4ஆம் நாள், கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையின் சாக்கடை என்ற பொருள்பட அவர் பேசியிருந்ததையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும். 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தபோது அதே இணைச்சொற்கள் 243ஜி உறுப்பில் மீண்டும் இடம்பெற்றன. அங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு இடங்கள் ஒதுக்குவதைப் பேசும் 243டி, ‘ஷல்’ என்கிறது. ஒதுக்கியே ஆக வேண்டும். ஊராட்சிக்குப் பவரும் அத்தாரிட்டியும் தருவதைப் பேசும் 243ஜி, ‘மே’ என்கிறது. மாநிலச் சட்டமன்றம் விரும்பினால் தரலாம். நாற்காலி கட்டாயம், அதில் அமர்ந்து செய்ய வேண்டியவை விருப்பம். முப்பது ஆண்டுகளாக நம் தலைவர்கள் சந்திக்கும் இடர்களில் பாதி இந்த இரு துணைவினைகளுக்கு நடுவே கிடக்கிறது என்பது எங்கள் கருத்து.

மீதிப் பாதி எங்கே? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலைவர் பதவி காகிதத்தில் மட்டுமே இருந்தது. வேட்பாளர்கள் அச்சுறுத்தப்பட்டார்கள், அல்லது ஆதிக்க சாதியினர் தாங்களே ஒருவரை நிறுத்தி வெல்லவைத்து உடனே பதவி விலக வைத்தார்கள். சட்டம் தந்த பவரை அவர்கள் மறுக்கவே இல்லை. அதை ஏற்று நடத்தும் அத்தாரிட்டி எழாமல் பார்த்துக்கொண்டார்கள். மேலவளவில் முருகேசன் அந்த அத்தாரிட்டியை எழுப்பப் பார்த்தார். 1997 ஜூன் 30 அன்று அவரும் உடனிருந்த ஐவரும் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள்.

‘கண்ட்ரோல்’ என்ற சொல்லின் பிறப்பு சுவையானது. இடைக்கால ஐரோப்பாவில் கணக்குச் சுருள் ஒன்று எழுதப்பட்டால், அதைச் சரிபார்க்க எதிர்ச்சுருள் ஒன்றை வேறொருவர் வைத்திருப்பார். ‘எதிர்ச்சுருள்’ என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். அதாவது, கண்ட்ரோல் வைத்திருப்பவர் எதையும் தாமாகச் செய்ய வேண்டியதில்லை. பிறர் செய்வது தம் ஒப்பில்லாமல் செல்லாது என்ற நிலை இருந்தால் போதும். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் இந்த எதிர்ச்சுருளுக்குப் பெயர் காசோலை. தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட்டால்தான் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். அரசமைப்பு இடஒதுக்கீடு செய்வது உறுப்பினர் இடங்களுக்கும் தலைவர் பதவிக்கும்தான். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு அருகில், பெரும்பான்மைச் சாதியின் கையில் இரண்டாவது பேனா வந்து சேர்கிறது. துணைத்தலைவர் யாரையும் திட்டவும் வேண்டாம், தரையில் உட்காரவைக்கவும் வேண்டாம். கையெழுத்திடாமல் இருந்தாலே தெருவிளக்கு எரியாது. தூய்மைப் பணியாளருக்கு ஊதியம் போகாது. ஊர் அதற்குத் தலைவரைத்தான் ஏசும்.

இதை எப்படி வழக்காக்குவது? 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவு, ஊராட்சியில் பதவி வகிக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரை அவர்களின் வழமையான கடமைகளையும் பணிகளையும் செய்ய விடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. கவனியுங்கள்: அங்கே பவரும் இல்லை, அத்தாரிட்டியும் இல்லை, கடமையும் பணியும்தான் இருக்கின்றன. ‘என் அதிகாரத்தைப் பறித்துவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதப்பட்ட புகார் இப்பிரிவின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ‘இன்ன தேதியில் இன்ன தீர்மானத்தின்படி இன்ன தொகைக்கான காசோலையில் ஒப்பமிட மறுத்தார், அதனால் இன்ன பணி நின்றது’ என்று எழுதினால் உள்ளே போகிறது. கூட்டத்துக்குத் தலைமை ஏற்பது சலுகை அன்று, கடமை. தரையில் அமர்த்துவது அக்கடமையைத் தடுப்பது. அவமதிப்புக்கான பிரிவோடு இதையும் சேர்த்துக் கேட்க நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம்.

2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது. ‘தேர்தல் எப்போது’ என்று மட்டும் கேட்கும் தோழர்கள், இரண்டாவது கையொப்பம் யாரிடம் இருக்கப்போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நான்காவது சொல் ‘டாமினன்ஸ்’. வீட்டின் தலைவன், ஆண்டை என்னும் பொருள்கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து வருவது. இதற்குப் பதவி வேண்டாம். சமூகவியலர் எம்.என்.சீனிவாஸ் 1950களில் ‘டாமினன்ட் காஸ்ட்’ என்று எழுதியபோது எண்ணிக்கை, நிலம், அரசியல் செல்வாக்கு ஆகியவற்றையே அளவுகோலாகக் கொண்டார். நாம் ‘ஆதிக்க சாதி’ என்கிறோம், பொருத்தமான சொல். ஆனால் கட்டுரைகளில் எழுதும் அச்சொல்லைப் புகார்களில் எழுதுவதில்லை. அங்கேதான் இழப்பு பெரிது.

2013இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டபோது, பாலியல் வன்முறைக்கான கடுமையான தண்டனைப் பிரிவில் இரண்டு தனித்தனி உட்பிரிவுகள் வந்தன. ஒன்று ‘ட்ரஸ்ட் ஆர் அத்தாரிட்டி’ நிலையில் இருப்பவரைப் பற்றியது: உறவினர், காப்பாளர், ஆசிரியர் போன்றோர். மற்றொன்று பெண்ணின் மீது ‘கண்ட்ரோல் ஆர் டாமினன்ஸ்’ நிலையில் இருப்பவரைப் பற்றியது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 64(2) பிரிவிலும் இரண்டும் தனித்தனியாகவே உள்ளன. சட்டமே வேறுபடுத்திவிட்டது. பண்ணை உரிமையாளருக்கு அரசுப் பதவி எதுவும் இல்லை. சட்டப்படி அவருக்கு அத்தாரிட்டி இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கூலி, அவளுடைய குடும்பத்தின் கடன், குடிசை நிற்கும் மண், தண்ணீருக்குப் போகும் வரப்பு எல்லாம் அவர் கையில். அது டாமினன்ஸ். அந்நிலை மெய்ப்பிக்கப்பட்டு, உடலுறவும் மெய்ப்பிக்கப்பட்டால், ‘நான் இசையவில்லை’ என்று அவள் சொல்வதை நீதிமன்றம் உண்மையென அனுமானிக்க வேண்டும். பத்தாண்டுகளுக்குக் குறையாத தண்டனையும் அப்பிரிவுக்கு உண்டு. புகாரில் ‘அதிகாரத்தைப் பயன்படுத்தி’ என்று எழுதிவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து கேட்கும் முதல் கேள்வி: ‘என் கட்சிக்காரருக்கு என்ன அதிகாரம்? அவர் சாதாரண விவசாயி.’

இந்தச் சிந்தனை சட்டத்துக்குப் புதிதன்று. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், ஒருவரின் விருப்பத்தை அடக்கியாளும் நிலையில் இருப்பவர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை ஐயத்தோடு பார்க்கிறது. அத்தாரிட்டி உண்மையாகவும் இருக்கலாம், வெறும் தோற்றமாகவும் இருக்கலாம் என்றுகூட அது சொல்கிறது. பேரம் அநியாயமானது என்று தோன்றினால், தாம் அழுத்தம் தரவில்லை என்பதை வலியவரே மெய்ப்பிக்க வேண்டும். பணத்துக்கு அன்றே கிடைத்த அந்தப் பாதுகாப்பு தலித் பெண்ணின் உடலுக்குக் கிடைக்க எவ்வளவு காலம்! 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதே சொற்றொடரைக் கடன்வாங்கியது. ஆனால் சுமையை மாற்றும் பகுதியை விட்டுவிட்டது. 2016 திருத்தத்தில் அச்சொற்றொடரும் போய், தெளிவான இசைவு என்ற கோட்பாடு வந்தது. அது முன்னேற்றம்தான்.

இறுதியாக, நம் சொல் ஒன்று ஆங்கிலத்துக்குப் போகும்போது நேர்வது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய வழக்கொன்றில், திருவிழா வரி கொடுக்க மறுத்த ஒன்பது குடும்பங்கள் மீது ‘ஊர்க் கட்டுப்பாடு’ விதிக்கப்பட்டதாகப் புகாரில் இருந்தது. மொழிபெயர்த்தவர் அதை ‘வில்லேஜ் டிசிப்ளின்’ என்று எழுதிவிட்டார். ஊரில் ஒழுங்கு நிலவுவது குற்றமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. ‘வில்லேஜ் கண்ட்ரோல்’ என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். சட்டத்தில் அதற்குப் பெயர் ‘சோஷியல் பாய்காட்’. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்சி) பிரிவின்படி குற்றம். திருத்த மனு போட்டு, சொல்லை மாற்றி, பிரிவைச் சேர்ப்பதற்குள் ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன. அந்த ஐந்து மாதங்களும் அக்குடும்பங்கள் அரிசி வாங்கப் பக்கத்து ஊருக்கு நடந்தார்கள்.

இப்போதெல்லாம் நாங்கள் அச்சொல்லை மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே விட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே எழுதத் தொடங்குகிறோம்: எந்தக் கடை, எந்தக் குழாய், எந்த நாள், பொருள் தர மறுத்தவர் யார், அவரிடம் அப்படிச் சொன்னவர் யார்.